திருவிழா நேரலை: எந்தத் துண்டை முதலில் கேட்பது, யாரிடம் கேட்பது?

எடைப்பாலத்துக் கிராணி | செவ்வாய், இரவு 9.40

வணக்கம். பெஸ்தாரி ஜெயாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அது இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான். மலேசியாவில் முதன்முதலாக வணிகத்துக்காகச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்ட தென்னமரம் தோட்டம் இங்கேதான் இருக்கிறது, நட்டது 1917இல். நான் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றில் எடைப்பாலத்துக் கிராணி, அதாவது எழுத்தர். லாரி ஏறும், எடை பார்ப்பேன், சீட்டுக் கொடுப்பேன். நிரல் எழுதுவது இரவு வகுப்பில் படித்த பட்டயப் படிப்பில் வந்தது.

நான் பிறந்த தோட்டத்தின் லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இப்போது இல்லை. இடித்து வீடமைப்புக்குக் கொடுத்துவிட்டார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் செம்பனைகளுக்கு நடுவில் நிற்கிறது. மக்கள் கிள்ளான், காப்பார், ரவாங், ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்று சிதறிவிட்டார்கள். சித்திரைத் திருவிழாவுக்கு முடிந்தவர்கள் வருவார்கள். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை இருந்தபோது யாராலும் வர முடியவில்லை. பூசாரி தனியாகச் செய்த பூசையைக் கைப்பேசியில் நேரலையாகக் காட்டினோம். அதிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் காட்டுகிறோம்.

முதலில் ஒரு பெரிய காணொளித் தளத்தில்தான் காட்டினோம். மூன்று ஆண்டுகளுக்கு முன், கோயில் ஒலிபெருக்கியில் பழைய பக்திப் பாடல் ஒன்று ஒலித்ததற்காக, தீமிதிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது நேரலையை நிறுத்திவிட்டார்கள். இனி நமக்கென்று சொந்தப் பக்கம் வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். கோயில் கணக்கில் பெரிய சர்வர் எடுக்கப் பணம் இல்லை. எனவே பார்ப்பவர்களே ஒருவருக்கொருவர் படத்துண்டுகளைக் கொடுத்துக்கொள்ளும் பியர்-டு-பியர் முறையில் செய்தேன்.

அமைப்பைச் சொல்கிறேன். கோயிலில் கேமரா, பழைய மடிக்கணினி, தண்ணீர்த் தொட்டியின் மேல் கம்பத்தில் கட்டிய 4ஜி மோடம். படத்தின் வேகம் வினாடிக்கு 1.2 மெகாபிட். அது சிங்கப்பூரில் உள்ள ஒரு சிறிய வாடகைச் சர்வருக்குப் போகும். அங்கே 4 வினாடித் துண்டுகளாக வெட்டப்படும். ஒரு துண்டு ஏறக்குறைய 600 கிலோபைட். சர்வர் வெளியே அனுப்பக்கூடியது வினாடிக்கு 20 மெகாபிட். பார்ப்பவர்களின் உலாவிகள் வெப்ஆர்டிசி வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். ஒவ்வொரு உலாவிக்கும் எட்டு அண்டை உலாவிகள். தன்னிடம் எந்தெந்தத் துண்டு இருக்கிறது என்பதை வினாடிக்கு ஒரு முறை அண்டையாருக்குச் சொல்லும். தோட்டத்தில் காலைப் பெரட்டில், வேலைக்கு முன் ஆட்கள் கூடும் இடத்தில், ஆள் கணக்குச் சொல்வது போலத்தான்.

கடந்த சித்திரையில் உச்ச நேரத்தில் 140 பேர் பார்த்தார்கள். ஏறக்குறைய 50 பேர் வீட்டு ஃபைபர் இணைப்பில். 90 பேர் கைப்பேசித் தரவில். கைப்பேசிக்காரர்களின் தரவைத் தின்னக் கூடாது என்பதால் அவர்களிடமிருந்து நான் எதையும் அனுப்ப வைப்பதில்லை. ஃபைபர் வீடுகளில் ஒவ்வொன்றும் 5 மெகாபிட் வரை அனுப்ப அனுமதித்திருக்கிறேன்.

இப்போது சிக்கல். முதல் ஆண்டு வரிசைப்படி கேட்க வைத்தேன்: அடுத்து ஓட வேண்டிய துண்டு எதுவோ அதை முதலில் கேள். அப்போது எல்லோரிடமும் ஒரே துண்டுகள் இருந்தன, எல்லோருக்கும் ஒரே துண்டு இல்லை. கொடுத்து வாங்க ஒன்றும் இல்லாமல் அத்தனை பேரும் சர்வர் வாசலில் நின்றார்கள். கடந்த ஆண்டு மாற்றினேன்: அண்டையாரிடம் எது மிகக் குறைவாக இருக்கிறதோ அதை முதலில் கேள். புதிய துண்டுகள் நன்றாகப் பரவின. ஆனால் இதோ ஓட வேண்டிய துண்டு இல்லாமல் படம் நின்றது. நின்ற இடம் கரகம் பூக்குழிக்குள் இறங்கும் இடம். கிள்ளானில் இருக்கும் என் பெரியம்மா, "கரகம் இறங்கிவிட்டதா, இல்லையா?" என்று மூன்று முறை தொலைபேசியில் கேட்டார். என்னிடம் பதில் இருந்தது. அவருக்குப் படம் இல்லை.

எடைப்பாலத்தில் எனக்கு விதி தெரியும். வெட்டிய செம்பனைக் குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குள் போக வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறும். ஆகவே நேற்று வெட்டிய குலையோடு வந்த லாரியை முன்னே விடுவோம். அந்த விதியை இங்கே எப்படி எழுதுவது? எந்தத் துண்டை முதலில் கேட்பது, யாரிடம் கேட்பது, எந்தக் கட்டத்தில் அண்டையாரை விட்டுவிட்டுச் சர்வரிடம் போவது? திருவிழாவுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.


தஞ்சோங் காராங் ஆசிரியர் | புதன், காலை 6.15

வணக்கம் அம்மா. நான் ஓய்வு பெற்ற விரிவுரையாளன். கணினி வலையமைப்பு கற்பித்தவன். உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். முதலில் ஒரு நல்ல செய்தி சொல்கிறேன். உங்களுக்குக் கொள்ளளவுக் குறை இல்லை.

கணக்குப் பாருங்கள். 140 பேருக்கு 1.2 மெகாபிட் வீதம் 168 வேண்டும். சர்வர் 20, ஃபைபர் வீடுகள் 50 பெருக்கல் 5, அதாவது 250. மொத்தம் 270. தேவையைப் போல 1.6 மடங்கு இருக்கிறது. இந்தக் கணக்குக்கு அடிப்படையும் உண்டு. குமார், லியூ, ராஸ் என்ற மூவர் 2007இல் எழுதிய கட்டுரை, எல்லோருக்கும் தடையின்றிக் கொடுக்கக்கூடிய மிக உயர்ந்த வேகம் இரண்டில் எது சிறியதோ அது என்று காட்டியது: ஒன்று, மூலச் சர்வரின் அனுப்பும் வேகம், மற்றொன்று, சர்வரும் எல்லாப் பார்வையாளர்களும் அனுப்பக்கூடியதைக் கூட்டி ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தது. உங்களுக்கு அந்த இரண்டாவது எண் 1.93. படமோ 1.2தான். ஆகவே தண்ணீர் போதும், வாய்க்கால்தான் சரியில்லை.

இனி உங்கள் குலை உவமை. அது பாதிதான் பொருந்தும். குலையை ஆலைக்குக் கொடுத்தால் லாரி காலியாகிவிடும். படத்துண்டைக் கொடுத்தாலோ கொடுத்தவரிடமும் இருக்கும், வாங்கியவரிடமும் இருக்கும். என் அப்பா தோட்டத்தில் தண்டலாக, அதாவது தொழிலாளர்களை மேற்பார்ப்பவராக, இருந்தார். அந்தக் காலத்தில் தோட்டத்தில் யாராவது இறந்துவிட்டால், பக்கத்து டிவிஷன்களுக்கு (தோட்டப் பிரிவுகளுக்கு) செய்தி சொல்ல வேண்டும். அப்பா முதலில் பக்கத்து வீட்டில் சொல்ல மாட்டார். சைக்கிள் வைத்திருப்பவர்கள் யார் என்று பார்த்து அவர்களிடம் சொல்லி அனுப்புவார். பக்கத்து வீட்டாருக்குச் செய்தி எப்படியும் வந்துவிடும். சைக்கிள்காரர் கால் மணி நேரம் தாமதித்தால் ஒரு டிவிஷனே தாமதிக்கும்.

உங்கள் ஃபைபர் வீடுகள்தான் சைக்கிள்காரர்கள். சர்வர் ஒரு துண்டை ஒருவருக்கு அனுப்ப 0.24 வினாடி ஆகும். அடுத்த துண்டு வரும் 4 வினாடிக்குள் 16 பேருக்குக் கொடுக்கலாம். இப்போது நீங்கள் கேட்பவர்களுக்கெல்லாம் கொடுக்கிறீர்கள். 140 பேரில் 50 பேர்தான் ஃபைபர் என்பதால், அந்தப் பதினாறில் ஐந்தோ ஆறோதான் பரப்பக்கூடியவரிடம் போய்ச் சேரும். மீதிப் பத்தும் கைப்பேசிகளில் போய் அங்கேயே நின்றுவிடும். உங்கள் நோய் பெரும்பாலும் இதுதான் என்பது என் கணிப்பு.

ஆகவே புதிய துண்டு பிறந்தவுடன் யாரும் கேட்காமலே சர்வர் பத்து ஃபைபர் வீடுகளுக்குத் தள்ளிவிட வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் வேறு வேறு பத்து வீடுகள். மீதி ஆறு பங்கை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு முக்கியமான இடம். ஒரு ஃபைபர் வீட்டிடம் நான்கு பேர் ஒரே நேரத்தில் ஒரு துண்டைக் கேட்டால் என்ன செய்கிறீர்கள்? 5 மெகாபிட்டை நான்காகப் பிரித்து நால்வருக்கும் சேர்த்து அனுப்பினால், நால்வருக்கும் ஏறக்குறைய 4 வினாடி கழித்துத்தான் துண்டு முழுமையாகும். அதுவரை அவர்களில் ஒருவராலும் அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது. ஒருவர் பின் ஒருவராக அனுப்பினால் முதல்வருக்கு ஒரு வினாடியில் முடிந்துவிடும். அவரும் உடனே கொடுக்கத் தொடங்குவார். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும், எட்டு பதினாறாகும். அதே நான்கு வினாடியில் ஐந்து பேரிடம் இருப்பதற்குப் பதில் பதினாறு பேரிடம் இருக்கும். ஒரே கம்பி, ஒரே வேகம், அனுப்பும் வரிசைதான் வேறு. இந்த ஒரு மாற்றத்தை மட்டுமாவது கட்டாயம் செய்யுங்கள் அம்மா. அனுப்பும் வரிசையில் ஃபைபர் வீடுகளை முன்னும் கைப்பேசிகளைப் பின்னும் வையுங்கள்.

அரிதானதை முதலில் கேட்கும் விதியைப் பற்றி. நீங்கள் செய்தது தவறான விதியன்று, பாதி விதி. 2005இல் வெளிவந்த, பியர்-டு-பியர் நேரலை முறை ஒன்றைப் பற்றிய கூல்ஸ்ட்ரீமிங் கட்டுரையைப் பலர் உங்களைப் போலவே அரைகுறையாக நினைவில் வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு துண்டு ஒரு வினாடி. ஒவ்வொருவரும் 120 துண்டுகளுக்கான இருப்புப் பட்டியலை அண்டையாரோடு மாற்றிக்கொள்வார்கள். எந்தத் துண்டைக் கொடுக்கக்கூடியவர்கள் குறைவோ அதற்கு முதலில் ஆள் பார்ப்பார்கள். கொடுக்கப் பலர் இருந்தால் வேகம் மிகுந்தவரை, அதிலும் ஓட வேண்டிய நேரத்துக்குள் கொடுத்து முடிக்கப் போதிய அவகாசம் உள்ளவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த "போதிய அவகாசம்" என்ற சொல் உங்கள் நிரலில் இல்லை என்று நினைக்கிறேன். நேரத்துக்கு வராத துண்டைக் கேட்பது, வீட்டில் ஆள் இல்லாத முகவரிக்கு மணியார்டர் அனுப்புவது போல.

ஓட்டுவதற்காக உலாவி சேர்த்துவைக்கும் துண்டுகளின் இருப்பை இரண்டாகப் பிரியுங்கள். ஓடப்போகிற நேரத்துக்கு 8 வினாடிக்குள் உள்ளவை அவசரப் பகுதி. அங்கே எது முதலில் ஓட வேண்டுமோ அது முதலில். அதற்கு அப்பால் உள்ளவற்றில் அரிதானது முதலில். சமமாக இருந்தால் சீட்டுக் குலுக்கல். எல்லா உலாவிகளும் ஒரே கணக்கைப் போட்டு ஒரே ஆளிடம் ஓடிவிடக் கூடாது என்பதற்காகத்தான் குலுக்கல். 2007இல் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தில் மூன்று ஆய்வாளர்கள் இந்த இரண்டு விதிகளையும் கணித மாதிரியில் ஒப்பிட்டு, கலந்து பயன்படுத்துவதுதான் நல்லது என்று காட்டினார்கள். எல்லையை எந்த இடத்தில் போடுவது என்பது அவரவர் இருப்பைப் பொறுத்தது. நீங்களே சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.


ரவாங் பழைய தோட்டத்தான் | புதன், மாலை 5.50

இவ்வளவு சிக்கல் எதற்கு? பத்து ஃபைபர் வீடுகளைத் தலைவர்களாக வையுங்கள். ஒவ்வொருவருக்கும் கீழே நான்கு பேர், அவர்களுக்குக் கீழே நான்கு பேர். மரம் போலக் கட்டிவிட்டால் யாரிடம் எது இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். மேலிருந்து கீழே தானாக இறங்கும். நான் அலுவலகத்தில் கோப்புகளை அப்படித்தான் கிளைகளுக்கு அனுப்புகிறேன். ஒரு நாளும் தவறியதில்லை.


எடைப்பாலத்துக் கிராணி | புதன், இரவு 10.05

ஆசிரியர் ஐயா, உங்கள் கடிதத்தை அச்சிட்டு எடைப்பால அறையில் வைத்துப் படித்தேன். நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். எல்லோரையும் சமமாக நடத்துகிறேன் என்று நினைத்துச் செய்தது. அது எல்லோரையும் சமமாகக் காக்க வைத்திருக்கிறது என்று இப்போது புரிகிறது.

ரவாங் அண்ணனுக்கு: மரத்தை நானும் நினைத்துப் பார்த்தேன். ஆனால் உங்கள் கிளை அலுவலகங்கள் வேலை நேரத்தில் எழுந்து போகாது. இங்கே பார்ப்பவர்கள் வீட்டு மனிதர்கள். சாமி கும்பிட எழுந்து போவார்கள், மடிக்கணினியை மூடிவிடுவார்கள், குழந்தை கம்பியைப் பிடுங்கிவிடும். கடந்த ஆண்டு பதிவேட்டில் பார்த்தேன்: தீமிதி நேரத்தில் மட்டும் ஒன்பது ஃபைபர் வீடுகள் போய்த் திரும்ப வந்திருக்கின்றன. ஒரு தலைவர் போனால் அந்தக் கிளை முழுவதும் இருட்டு. கீழ்மட்டத்தில் இருப்பவர்கள் எதையும் அனுப்பாமல் சும்மா இருப்பது இன்னொரு குறை. 2003இல் வந்த ஸ்பிலிட்ஸ்ட்ரீம் என்ற முறை அதற்காகத்தான் படத்தைப் பல கீற்றுகளாகப் பிரித்து, கீற்றுக்கு ஒரு மரம் கட்டி, ஒரு மரத்தில் இலையாக இருப்பவர் இன்னொன்றில் கிளையாக இருக்கும்படி அமைத்தது. அழகான யோசனை. அதை ஆறு வாரத்தில் எழுதிச் சோதிக்க என்னால் ஆகாது.


ஜூரோங் இரவுப்பணி | வியாழன், அதிகாலை 3.20

கிராணி அக்கா, நானும் கோலா சிலாங்கூர்ப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவன்தான். சிங்கப்பூரில் வலையமைப்புக் கண்காணிப்பில் இரவு வேலை. ஆசிரியர் ஐயா சொன்ன எல்லாம் சரி. அவர் தொடாத இடங்கள் சில இருக்கின்றன.

முதலாவது, உங்கள் எட்டு அண்டையார். குருட்டாம்போக்கில் எட்டுப் பேரைக் கொடுத்தால் அதில் சராசரியாக மூன்று பேர்கூட ஃபைபராக இருக்க மாட்டார்கள். அந்த மூவரிலும் எல்லோரோடும் இணைப்பு உண்டாகும் என்பதற்கு உறுதி இல்லை. கைப்பேசி நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கின்றன. அப்படிப்பட்ட கைப்பேசிக்கும் கண்டிப்பான வீட்டு ரூட்டருக்கும் இடையே நேர் இணைப்பு சில வேளைகளில் உண்டாகவே உண்டாகாது. நடுவில் இடைமாற்றுச் சர்வர் வைத்தால் இணைப்பு வரும். ஆனால் அப்போது படம் முழுவதும் அந்தச் சர்வர் வழியாகத்தான் போகும். அதற்கு உங்கள் சர்வரிடமே நேராகக் கேட்டுவிடலாம். ஆகவே பட்டியலில் இருப்பவர்களை எண்ணாதீர்கள். உண்மையில் இணைப்பு உண்டாகி, ஒரு துண்டாவது கொடுத்து முடித்தவர்களை எண்ணுங்கள். ஒவ்வொரு கைப்பேசிக்கும் அப்படிப்பட்ட ஃபைபர் அண்டையார் ஐந்து பேராவது இருக்க வேண்டும். குறைந்தால் புதியவரைத் தேட வேண்டும். கைப்பேசிக்குக் கைப்பேசி அண்டை என்பதை அடியோடு எடுத்துவிடுங்கள். இருவரும் கொடுக்கப் போவதில்லை.

இரண்டாவது, தாமதம். படம் நேரலை விளிம்பிலிருந்து, அதாவது கடைசியாகப் பிறந்த துண்டிலிருந்து, எவ்வளவு பின்னால் ஓடுகிறது? படத்தைத் துண்டு துண்டாக அனுப்பும் ஹெச்எல்எஸ் முறையில் வழக்கம் மூன்று துண்டு. உங்களுக்கு 12 வினாடி. அதில் ஆசிரியர் சொன்ன 8 வினாடி அவசரப் பகுதியைக் கழித்தால் பரிமாற்றத்துக்கு ஒரே ஒரு துண்டுதான் மிஞ்சுகிறது. அங்கே அரிதானது எது, மலிந்தது எது என்று தேர்வு செய்ய என்ன இருக்கிறது? 24 வினாடியாக்குங்கள். கோயிலில் நிற்பவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள். திரையில் பார்ப்பவருக்கு 12 வினாடியும் 24 வினாடியும் ஒன்றுதான். ஆனால் எல்லோருக்கும் ஒரே 24 வினாடியாக இருக்கட்டும். இப்போது ஒவ்வொரு முறை படம் நின்று தொடரும்போதும் அந்த ஆள் இன்னும் பின்னால் போய்விடுகிறார் இல்லையா? கிள்ளானில் இருப்பவர் ஜொகூரில் இருப்பவரைவிட அரை நிமிடம் பின்னால் இருந்தால், தொலைபேசியில் பேசிக்கொண்டே பார்க்கும் குடும்பத்துக்கு அது பெரிய குறை. பின்தங்கியவர் நூற்றுக்கு ஐந்து பங்கு வேகம் கூட்டி ஓட்டினால் மெல்ல வந்து சேர்ந்துவிடுவார். காதுக்கு அவ்வளவாகத் தெரியாது. நாதஸ்வரம் வாசிக்கும்போது மட்டும் வேண்டாம், சுருதி காட்டிக்கொடுத்துவிடும்.

இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. கரகம் கிளம்பிவிட்டது என்று கேள்விப்பட்டு ஒரே நிமிடத்தில் நாற்பது பேர் புதிதாக வந்து திறப்பார்கள். 24 வினாடி பின்னால் தொடங்குபவருக்கு வேண்டிய முதல் துண்டு, அதற்குள் எல்லா ஃபைபர் வீடுகளிலும் இருக்கும். புதியவரை அவர்களிடமே அனுப்புங்கள். சர்வரைத் தொட விடாதீர்கள்.

மூன்றாவது, சர்வரிடம் எப்போது போவது என்று கேட்டிருந்தீர்கள். எல்லோருக்கும் ஒரே எல்லை வைக்காதீர்கள். ஃபைபர் வீட்டுக்கு ஒரு துண்டு ஓட 6 வினாடி இருக்கும்போதே சர்வரைக் கேட்க விடுங்கள். கைப்பேசியை 3 வினாடி வரை பொறுக்க வையுங்கள். ஃபைபர் வீடு முன்கூட்டியே வாங்கிவிட்டால், அந்த மூன்று வினாடி இடைவெளியில் அதுவே இரண்டு மூன்று கைப்பேசிகளைக் காப்பாற்றிவிடும். மாறாகக் கைப்பேசி முந்திக்கொண்டால், சர்வர் ஒதுக்கி வைத்த ஆறு பங்கும் யாருக்கும் பரவாமல் முடிந்துவிடும்.

துண்டை இன்னும் சிறிதாக்கலாமா என்று கேட்பீர்கள். 600 கிலோபைட்டை 16 கிலோபைட் கட்டிகளாக உடைத்தால் ஏறக்குறைய 38 கட்டிகள் வரும். துண்டு முழுமையாகும் முன்பே அடுத்தவருக்குக் கடத்தலாம், தாமதம் நன்றாகக் குறையும். ஆனால் சரிபார்ப்புக் குறியீடு முழுத் துண்டுக்குத்தான் வைத்திருப்பீர்கள். நடுவில் ஒரு கட்டி கெட்டிருந்தால் அது பத்து வீடுகளுக்குப் பரவிய பிறகுதான் தெரியும். இந்தச் சித்திரைக்கு இதைத் தொட வேண்டாம் அக்கா.


ரவாங் பழைய தோட்டத்தான் | வியாழன், காலை 8.30

தங்கச்சி சொல்வது நியாயம். என் கிளை அலுவலகங்களில் கணினியைப் பிடுங்குகிற குழந்தைகள் இல்லை. என் வீட்டில் ஃபைபர் இருக்கிறது, 5 மெகாபிட்டுக்குப் பதிலாக 20 எடுத்துக்கொள்ளுங்கள். நானும் அந்தக் கோயிலில் மொட்டை போட்டவன்தான்.


எடைப்பாலத்துக் கிராணி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 11.30

எல்லோருக்கும் நன்றி. செய்தவற்றைச் சொல்கிறேன்.

சனிக்கிழமைகளிலும் இரவுகளிலும் உட்கார்ந்து எழுதினேன். முதலில் ஒருவர் பின் ஒருவராக அனுப்பும் மாற்றம். அதைச் செய்ய ஒரு மாலை போதுமாக இருந்தது. அதை மட்டும் மாற்றிவிட்டு வெள்ளிக்கிழமைப் பூசையை ஒளிபரப்பினேன். 46 பேர் வந்தார்கள். ஒரு துண்டு பிறந்ததிலிருந்து எல்லா ஃபைபர் வீடுகளையும் அடையும் நேரத்தைப் பதிவு செய்தேன். முந்தைய வெள்ளியில் 11 வினாடி ஆனது, இப்போது 6 ஆகியிருந்தது. ஒரு புதிய கம்பி இழுக்கவில்லை, ஒரு ரிங்கிட் செலவழிக்கவில்லை. ஆசிரியர் ஐயா, அந்த இரவில் உங்கள் அப்பாவின் சைக்கிள்காரர்களை நினைத்துக்கொண்டேன்.

அடுத்து சர்வர் தள்ளிவிடும் பத்து வீடுகள். இதில் ஒரு தவறு செய்தேன். வேகம் மிகுந்த பத்து வீடுகளையே ஒவ்வொரு துண்டுக்கும் தேர்ந்தெடுத்தேன். நன்றாகத்தான் ஓடியது, இரண்டாவது வெள்ளி வரை. அன்று அந்தப் பத்தில் மூன்று பேர் இரவுச் சாப்பாட்டுக்கு எழுந்து மடிக்கணினியை மூடிவிட்டார்கள். அவர்கள் போய்விட்டார்கள் என்று சர்வருக்குத் தெரிய 15 வினாடி ஆனது. அந்த 15 வினாடியும் துண்டுகள் ஆள் இல்லாத வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஐயா "ஒவ்வொரு துண்டுக்கும் வேறு வேறு பத்து" என்று எழுதியிருந்ததை நான் சரியாகப் படிக்கவில்லை. இப்போது எல்லா ஃபைபர் வீடுகளிலிருந்தும் குலுக்கி எடுக்கிறேன். ரவாங் அண்ணன் வீட்டுக்கு மட்டும் குலுக்கலில் நான்கு சீட்டு. தவிர, இரண்டு வினாடிக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் சொல்லாத வீட்டைச் சர்வர் உடனே விட்டுவிடுகிறது.

அவசரப் பகுதியின் எல்லையை 4, 8, 12 வினாடி என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். 12 வைத்தால் முதல் ஆண்டின் நோய் திரும்பி வருகிறது. எல்லோரும் ஒரே துண்டைத் துரத்துகிறார்கள். 4 வைத்தால் கைப்பேசிகள் கடைசி நேரத்தில் சர்வரிடம் ஓடுகின்றன. எங்கள் கூட்டத்துக்கு 8தான் சரி. வேறு யாராவது இதைப் படித்துச் செய்தால் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஜூரோங் தம்பி சொன்னபடி கைப்பேசிகளின் அண்டையாரை மாற்றியபோதுதான் உண்மை தெரிந்தது. பட்டியலில் எட்டுப் பேர் இருந்தும், உண்மையில் ஒரு துண்டுகூடக் கொடுக்க முடியாதவர்களோடு மட்டும் இருந்த கைப்பேசிகள் ஏழு. அதில் ஒன்று என் பெரியம்மாவுடையது. ஓராண்டாக அவருடைய கைப்பேசி பழையது என்று சொல்லி, புதியது வாங்கிக் கொடுக்க அவர் மகனை நச்சரித்துக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் ஒரு குறையும் இல்லை.

24 வினாடித் தாமதத்தையும் வைத்துவிட்டேன். வேகம் கூட்டி வந்து சேரும் வேலை இன்னும் சரியாக அமையவில்லை. கோயில் மணி அடிக்கும்போது ஒலி சற்று இழுக்கிறது. மணிக்கும் நாதஸ்வரத்துக்கும் அதை நிறுத்திவைக்க, மடிக்கணினியில் ஒரு பொத்தான் வைத்து என் தங்கை மகளிடம் கொடுக்கப் போகிறேன்.

கடந்த வெள்ளி 71 பேர். ஒருவருக்கும் படம் நிற்கவில்லை. தீபாராதனை காட்டும்போது பெரியம்மா கிள்ளானிலிருந்தும், அவருடைய இளைய மகள் ஜொகூர் பாருவிலிருந்தும் என்னோடு ஒரே அழைப்பில் இருந்தார்கள். இருவரும் "தாயே" என்று சொன்னது ஒரே நேரத்தில் கேட்டது.

திருவிழா அன்று 140க்கும் கூடுதலாக வருவார்கள் என்று நினைக்கிறேன். வீட்டில் ஃபைபர் உள்ளவர்கள், பார்க்காவிட்டாலும், மாலை 6 மணிக்கு முன்பே பக்கத்தைத் திறந்து வையுங்கள். மடிக்கணினியாக இருந்தால் மின்கம்பியைச் செருகி வையுங்கள். கரகம் ஏழு மணிக்கு ஆற்றங்கரையிலிருந்து கிளம்பும்.